வேறு துறையிலிருந்து பேச்சு மொழிச் சிகிச்சைக்கு: கொழும்பிலிருந்து புறப்படுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஆவதற்கான அரச பல்கலைக்கழக வழி ராகமையில் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் நடத்தும் நான்கு வருட இளமாணிப் பட்டம் அது. உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் இருந்தால்தான் உள்ளே போகலாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பி.கொம். முடித்துப் பத்து வருடம் வங்கியில் இருந்தவருக்கும், மொன்டிசோரி ஆசிரியைக்கும், மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் அந்தக் கதவு திறக்காது. வேறு துறைப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் தொழில் தகுதி பெறும் முதுமாணிப் படிப்பு பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில்தான் இருக்கிறது.

பக்கத்தில் இந்தியா இருக்கிறதே என்று பலர் நினைப்பார்கள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சுக் கேட்டல் நிறுவனமும் சென்னையிலுள்ள கல்லூரிகளும் தரமானவை. சென்னையில் படித்தால் தமிழ் பேசும் நோயாளிகளையே பார்க்கலாம் என்பது பெரிய ஆதாயம். ஆனால் அங்கே முதுமாணிக்குப் போக, பேச்சு, கேட்டல் துறையிலேயே இளமாணிப் பட்டம் வேண்டும். அதாவது உயர்தர விஞ்ஞானப் பாடங்களோடு முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். முப்பது வயதில் நான்கு வருடம் ஒதுக்கக்கூடியவர் இதையும் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இது சரிவராது.

ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் வெளிநாட்டு முதுமாணியைப் பற்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்பு உங்களை ஆங்கிலம் பேசும் நோயாளிகளுக்குத் தயார்ப்படுத்தும். கொழும்பில் தமிழில் சிகிச்சை செய்யத் தேவையான பாதி அறிவை அது தராது. அந்தப் பாதியை நீங்களே, படிக்கும் காலத்திலேயே, தனியாகக் கட்ட வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் தமிழில் கதைக்கக்கூடிய ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடி அலையும் பெற்றோர் எத்தனை பேர் என்று பார்த்தால், இது எவ்வளவு அவசரமான வேலை என்று விளங்கும்.

காசு செலவழிக்குமுன் செய்து பார்க்க வேண்டியது

இந்தத் தொழில் பிள்ளைக்கு 'ர' சொல்லிக் கொடுப்பது மட்டும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பாரிசவாதம் வந்து சொல் வராமல் தவிக்கும் முதியவர், தொண்டைப் புற்றுநோய்க்குப் பிறகு விழுங்க முடியாதவர், திக்கிப் பேசும் இளைஞர், பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தை, கதைக்கவே கதைக்காத மூன்று வயதுப் பிள்ளை, குரல் அடைத்துப்போன ஆசிரியர் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலையின் கணிசமான பங்கு பேச்சே அல்ல, விழுங்குதல்தான். எச்சில், சளி, உணவூட்டும் குழாய் இவற்றோடு நாளைக் கழிக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

பிறகு ஒரு சின்னப் பரீட்சை. உறவுக்காரப் பிள்ளை ஒன்றோடு, பெற்றோரின் சம்மதத்தோடு, பதினைந்து நிமிடம் விளையாடுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அதிலிருந்து பிள்ளையின் 50 கூற்றுகளை, அது சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். "தண்ணி தா" என்றதை "தண்ணீர் தா" என்று திருத்தக் கூடாது. "பட்டம்" என்பதை "பத்தம்" என்று சொன்னால் "பத்தம்" என்றே எழுத வேண்டும். இதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். பின்பு எந்த ஒலி எந்த ஒலியாக மாறுகிறது, சொல்லின் தொடக்கத்திலா நடுவிலா, ஒவ்வொரு முறையுமா சில முறையா என்று எண்ணிப் பாருங்கள். இது சலிப்பைத் தந்தால் இந்தப் படிப்பும் சலிப்பைத் தரும். இரண்டு முறை கேட்டும் பிடிபடாத ஒலியை மூன்றாம் முறை கேட்க மனம் இழுத்தால், நீங்கள் சரியான இடத்தை நோக்கித்தான் போகிறீர்கள். ஒலியை அலசும் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருளைத் தரவிறக்கி, உங்கள் குரலில் 'ல', 'ள', 'ண', 'ன' சொல்லி அதன் ஒலிப்படத்தையும் பாருங்கள். ஒலியியல் பாடத்தின் முதல் மாதம் இதுதான்.

நேரில் பார்ப்பதும் முக்கியம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. ஆனால் வாசலில் போய்க் கேட்டு உள்ளே இருக்க முடியாது. பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டும். தனியார் கிளினிக்குகளில் சிகிச்சையாளரும் குடும்பமும் சம்மதித்தால் போதும். 1912இல் தொடங்கி, இப்போது இரத்மலானையில் இயங்கும் செவிப்புலனற்றோர் பாடசாலையைப் பார்த்துவிட்டு வந்தால், கேட்டல் குறைபாட்டைப் பற்றி உங்களுக்கு இருந்த எண்ணமே மாறும். எங்கே போனாலும் படம் எடுக்காதீர்கள், பெயர் எழுதாதீர்கள். பார்த்த அன்றே ஒரு பக்கம் குறித்து வையுங்கள்: என்ன செய்தார், நோயாளி என்ன செய்தார், அடுத்து ஏன் பணியை எளிதாக்கினார் அல்லது கடினமாக்கினார். விண்ணப்பக் கட்டுரைக்கு இந்தப் பக்கங்கள்தான் கை கொடுக்கும். "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்கும் கட்டுரைகளைத் தெரிவுக்குழு குவியல் குவியலாகப் படிக்கிறது. குறிப்பிட்ட ஒரு சிகிச்சை வேளையைக் கூர்ந்து கவனித்து எழுதியவரின் கட்டுரை தனியாகத் தெரியும்.

எந்த நாடு என்பது எங்கே வேலை என்ற கேள்வி

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வது கொழும்பு வழக்கம். இந்தத் துறையில் அது பிழையான அளவுகோல். பட்டம் எந்தப் பதிவுக்கு வழிவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவில் 'பேச்சு மொழிச் சிகிச்சையாளர்' என்பது சட்டம் காக்கும் பட்டப்பெயர். எச்.சி.பி.சி. என்ற சபையில் பதியாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. ஆகவே அந்தச் சபை அங்கீகரித்த பாடநெறிதானா என்பது முதல் கேள்வி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், ரெடிங், ஷெஃபீல்ட் போன்ற இடங்களில் பதிவுக்குத் தகுதி தரும் இரண்டு வருட முதுமாணிகள் நடந்துவருகின்றன. இதே பீடங்களில் ஒரு வருட முதுமாணிகளும் இருக்கலாம். அவை ஏற்கெனவே சிகிச்சையாளராக இருப்பவர்களுக்கோ ஆராய்ச்சிக்கோ உரியவை. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் முகவர்கள் மூலம் விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வருடம் முடிந்து, பட்டம் கிடைத்து, பதிவு கிடைக்காமல் நிற்பார்கள். சபையின் இணையத்தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பாடநெறிகளின் பட்டியல் இருக்கிறது. பாடநெறியின் முழுப்பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலத்திலும் இந்தத் தொழிலுக்குத் தனி அளவு. அதே சபையின் கீழ் வரும் மற்றத் தொழில்களுக்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் 7 போதும். பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்கு 8 வேண்டும், எந்தப் பகுதியும் 7.5க்குக் குறையக் கூடாது. ஆங்கிலமே கருவியாக இருக்கும் தொழில் என்பதுதான் காரணம். பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேவையும் சாதாரண முதுமாணிகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். கொழும்பில் ஆங்கிலத்தில் வேலை செய்தவர்களுக்குக் கேட்டலும் பேச்சும் பெரும்பாலும் வந்துவிடும். எழுத்துதான் 7இல் நிற்கும். பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடமே செல்லுபடியாகும் என்பதால் மிக முன்னதாகவும் எழுதக் கூடாது.

குடும்பஸ்தர்கள் கவனிக்க வேண்டியது: 2024 ஜனவரி முதல், பாடநெறி முதுமாணிக்கு (ஆராய்ச்சிப் பட்டமல்லாத, வகுப்புகளோடு நடக்கும் முதுமாணிக்கு) பிரித்தானியா போகும் மாணவர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ தம்மோடு சேர்த்துக் கூட்டிப்போக முடியாது. இரண்டு வருடப் பிரிவைத் தாங்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசுங்கள். கடிதம் வந்த பிறகு பேசத் தொடங்கினால் முடிவு சரியாக வராது.

அவுஸ்திரேலியாவில் இந்தத் தொழிலுக்கு அரச பதிவுச் சபை இல்லை. ஸ்பீச் பத்தோலஜி அவுஸ்திரேலியா என்ற தொழில்சார் சங்கமே பாடநெறிகளை அங்கீகரித்துச் சான்று தருகிறது. குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டையும் அதுவே செய்கிறது. சிட்னி, மெல்பேர்ண், குயின்ஸ்லாந்து, மக்குவாரி பல்கலைக்கழகங்களில் பட்டதாரிகளுக்கான முதுமாணிகள் உண்டு. இங்கே தொழில் மாறுபவரைத் தடுப்பது வயது. படிப்புக்குப் பின் வேலை செய்ய உதவும் 485 வீசாவுக்கு, 2024 ஜூலை முதல், விண்ணப்பிக்கும்போது 35 வயதுக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் இலங்கையிலிருந்து பாடநெறி முதுமாணி படிக்கப் போகிறவருக்கு அவை பொருந்தா. கணக்கு நேரானது: படிப்பு இரண்டு வருடம், ஆகவே 34 வயதில் தொடங்கினால் முடிக்கும்போது 36. அந்த வீசா கிடைக்காது. 33 வயதுக்குள் தொடங்குபவருக்கு அவுஸ்திரேலியா நல்ல இடம். அதைத் தாண்டியவர் வேறு வீசா வழியை முதலில் உறுதிசெய்யாமல் கட்டணம் கட்டக் கூடாது. படிப்பு முடிந்தவுடன் நாடு திரும்புவதென்றே முடிவெடுத்தவருக்கு இந்தத் தடை பொருட்டல்ல.

அமெரிக்கா நீண்ட பாதை, ஆனால் விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆஷா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கத்தின் சான்றுக்கு அங்கீகாரம் பெற்ற முதுமாணி, 400 மணித்தியால மேற்பார்வைப் பயிற்சி, பிராக்சிஸ் என்ற தொழில் தகுதித் தேர்வில் 162 புள்ளி, பட்டத்துக்குப் பின் முழுநேரமாகக் குறைந்தது 36 வாரத் தொழிற்பயிற்சி எல்லாம் வேண்டும். அந்த 400 மணித்தியாலத்தில் 25 பார்வையிடலுக்கு, 375 நேரடிச் சிகிச்சைக்கு. மாணவர் வீசாவோடு படித்தவருக்குப் பட்டத்துக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாதத்துக்குள் இந்த 36 வாரமும் அடங்கும். ஆனால் வேலை தேடுவதில் மூன்று மாதம் போய்விட்டால் இறுக்கமாகிவிடும். கடைசிப் பருவத்திலேயே இடத்தை உறுதிசெய்ய வேண்டும். கொழும்பில் நீங்கள் பார்த்த சிகிச்சை வேளைகளை அந்த 25இல் சேர்க்கலாம் என்று நம்ப வேண்டாம். ஆஷா சான்று பெற்றவரின் வழிகாட்டலில் பார்த்தவைதான் கணக்கில் வரும். ஒளிப்பதிவுகள் வழியாக இதைச் செய்ய ஏற்பாடு உண்டு.

கனடாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் மிகக் குறைவு. நியூசிலாந்தில் ஒக்லாந்து போன்ற ஓரிரு இடங்கள்தான்.

அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாட்டுச் சங்கங்களுக்கிடையில் பரஸ்பர அங்கீகார உடன்படிக்கை இருக்கிறது. ஓரிடத்தில் முழுத் தகுதி பெற்றால் மற்ற இடத்துச் சங்கத்துக்குப் போவது இலகுவாகும். ஆனால் அது சங்கச் சான்றுக்கு மட்டும். எச்.சி.பி.சி. பதிவும் அமெரிக்க மாநில உரிமமும் தனி. முகவர் "எங்கேயும் வேலை செய்யலாம்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முன்தேவைப் பாடங்களும் கோப்பும்

அமெரிக்க முதுமாணிகளுக்கு இது பெரிய வேலை. உயிரியல், இரசாயனம் அல்லது பௌதிகம், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை விஞ்ஞானம் ஆகிய நான்கும் பல்கலைக்கழக மட்டத்தில் படித்து மதிப்பெண் பத்திரத்தில் தெரிய வேண்டும். புள்ளியியல் தனிப் பாடமாக இருக்க வேண்டும். பி.கொம். பட்டதாரிகளுக்கு இது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், ஆனால் ஆய்வுமுறைப் பாடத்துக்குள் ஓர் அலகாகப் படித்தது எடுபடாது. இதற்கு மேல், துறை சாராதவர்கள் ஒலியியல், பேச்சு மற்றும் கேட்டல் உறுப்புகளின் உடற்கூறு, மொழி வளர்ச்சி, கேட்டலியல் அறிமுகம் போன்ற அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இவற்றை இணையவழி தருகின்றன. வேலையை விடாமல் இரவில் கொழும்பிலிருந்தே படிக்கலாம். என் கருத்தில், பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள்கூட ஒலியியலையும் உடற்கூறையும் முன்கூட்டியே படிப்பது நல்லது. அங்கே இவை முதல் பருவத்திலேயே வேகமாக ஓடிவிடும்.

பத்து வருடத்துக்கு முன் பட்டம் முடித்தவருக்குத் தலையிடி தருவது கல்விப் பரிந்துரைக் கடிதம். விரிவுரையாளர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது நினைவில்லை என்பார். முன்தேவைப் பாடம் ஒன்றை இணையவழி படித்தால் அந்த ஆசிரியரிடமே கடிதம் கேட்கலாம். இதுவும் அந்தப் பாடங்களின் பயன். பெறுபேற்றுப் பத்திரத்துக்குப் பரீட்சைக் கிளையில் விண்ணப்பித்து, முத்திரையிட்ட உறையில் நேராக அனுப்பச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். கடைசித் திகதிக்கு இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். அமெரிக்க விண்ணப்பங்களுக்கான கடைசித் திகதி பொதுவாக டிசெம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் விழும், வகுப்பு ஓகஸ்டில் தொடங்கும். ஆகவே புறப்பட நினைக்கும் நாளுக்கு ஒன்றரை வருடம் முன்பே கோப்பைத் திறக்க வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்று தடுப்பூசி. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றல் ஆதாரம் கேட்பார்கள். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த நம்மில் பெரும்பாலானோர் சிறு வயதில் போட்டிருக்க மாட்டோம். மூன்று ஊசிகள்: முதலாவது, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதன்பின் ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனை. மொத்தம் எட்டு மாதம். போன பிறகு தொடங்கினால் முதல் வருடப் பயிற்சி தள்ளிப்போகும், பட்டமும் ஒரு பருவம் பின்போகும். தட்டம்மை, ஜேர்மன் தட்டம்மை, சின்னம்மைக்கும் பதிவு வேண்டும். சின்ன வயது ஊசி அட்டை தொலைந்திருந்தால் இரத்தத்தில் எதிர்ப்பாற்றலைச் சோதித்து அறிக்கை வாங்கலாம். பொலிஸ் நற்சான்றும் இதே கோப்பில்.

காசைப் பற்றியும் ஒரு குறிப்பு. பிரித்தானிய வீசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமாவின் நிலையான வைப்பைக் காட்டுவது நம் வழக்கம், அது செல்லாது. படிக்கும்போது உழைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், பிரித்தானியாவில் வகுப்புப் பருவத்தில் வாரம் 20 மணித்தியாலம், அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்ற வரம்பைத் தெரிந்திருப்பார்கள். நடைமுறையில் ஆஸ்பத்திரிப் பயிற்சி நடக்கும் மாதங்களில் அந்த நேரத்தைக்கூட எடுக்க முடியாது. பகல் முழுவதும் வார்டில், இரவு அடுத்த நாள் திட்டமும் அறிக்கையும். இரண்டாம் வருடத்துக்கு உழைப்பு இல்லாமலே காசு இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கும்

மூளை நரம்புகளில் ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது ஆகியவற்றைத் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். நாக்கை நீட்டச் சொன்னால் அது ஒரு பக்கம் சாய்கிறது. பன்னிரண்டாம் நரம்பே பழுதாகியிருந்தால் பழுதான பக்கத்துக்கே சாயும். உள்நாக்கு அப்படியல்ல: பத்தாம் நரம்பு பழுதாகியிருந்தால், 'ஆ' சொல்லும்போது அது நல்ல பக்கத்துக்கு இழுபடும். 'ப-ட-க' என்று வேகமாக விடாமல் சொல்லச் சொல்லி ஒரு வினாடிக்கு எத்தனை அசை என்று எண்ணுவார்கள். இவை புத்தகத்தில் எளிது. எதிரில் இருப்பவர் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்ளும்போதுதான் கடினம்.

விழுங்குதல் பாடத்தில் ஒரு செய்முறையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போகும் நோயாளிக்குப் பானத்தைத் தடிப்பாக்கிக் கொடுப்பார்கள். எவ்வளவு தடிப்பு என்பதைச் சர்வதேச அளவுகோல் ஒன்று 0 முதல் 4 வரை பிரிக்கிறது. சோதனைக்கு ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும், ஆனால் 0 முதல் 10 வரையான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். நுனியை விரலால் அடைத்து 10 மில்லிலீற்றர் ஊற்றி, விரலை எடுத்துப் பத்து வினாடி விட வேண்டும். மிச்சம் 1 முதல் 4 வரை என்றால் முதலாம் நிலை, 4 முதல் 8 வரை என்றால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. ஒன்றுமே ஒழுகாவிட்டால் நான்காம் நிலை. இனி நம் வீட்டுக் கஞ்சியை எடுங்கள். சுடச்சுட ஒரு தடிப்பு, ஆறினால் வேறொன்று. பருக்கை அடியில் தங்கி மேலே தெளிந்த நீர் நிற்கும், அந்தத் தெளிவே ஆபத்து. மாப்பொருளால் தடித்த எதுவும் எச்சிலில் உள்ள அமைலேசு என்ற நொதி பட்டவுடன் நீர்த்துவிடும். அதே கரண்டியைத் திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால் கோப்பை முழுவதும் இளகும். சாந்தன் (xanthan) என்ற பசை போட்ட தடிப்பாக்கி அப்படி இளகாது. "கட்டியாகக் கஞ்சி கொடுங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்புவது ஏன் போதாது என்று இதிலிருந்து விளங்கும்.

பயிற்சியில் தோற்பவர்கள் பரீட்சையில் தோற்பவர்கள் அல்லர். பிரித்தானியாவில் அரை நாள் கொண்ட 150 பயிற்சி வேளைகள் குறைந்தபட்சம். மேற்பார்வையாளர் உங்களைவிட இளையவராக இருப்பார். முந்திய தொழிலில் குழுவை நடத்தியவருக்கு இருபத்தாறு வயதுக்காரர் "இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்?" என்று கேட்பது முதல் மாதம் உறுத்தும். ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு வேறு சிக்கல். அவர்கள் கற்பிக்கத் தொடங்கிவிடுவார்கள், பிள்ளையைவிட அதிகமாகக் கதைப்பார்கள். சிகிச்சை வேளையில் ஐந்து வினாடி மௌனமாகக் காத்திருக்கப் பழக வேண்டும். கணக்காளர்களும் மென்பொருள்காரர்களும் பதிவு எழுதுவதிலும் இலக்கை அளக்கும்படி அமைப்பதிலும் சட்டென்று மேலே வருவார்கள்: "தெளிவாகப் பேசுவார்" என்றல்ல, "படம் காட்டினால் 20 சொற்களில் 16இல் 'ட' சரியாகச் சொல்வார்" என்று.

தமிழுக்கான மறுபாதி

ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்துத் தமிழ்ப் பிள்ளைக்குப் போட்டால் வரும் புள்ளிக்கு அர்த்தம் கிடையாது. ஆங்கிலத்தில் பிள்ளையின் மொழி வளர்ச்சியை ஒரு கூற்றில் எத்தனை சொல் என்று எண்ணலாம். "வந்துகொண்டிருந்தனாங்கள்" என்று சொல்லும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணிக்கையில் கிடைப்பது ஒன்று. காலம், தொடர்நிலை, இடம், பன்மை எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கின்றன. ஆகவே பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகளான உருபன்களை எண்ணப் பழகுங்கள். எழுத்துத் தமிழ் இலக்கணத்தை வைத்து எண்ணாதீர்கள், வீட்டுப் பேச்சை வைத்து எண்ணுங்கள்.

ஒலியிலும் அப்படித்தான். சொல் நடுவில் 'க' மெலிந்து வருவது தமிழின் இயல்பு, பிள்ளையின் பிழையல்ல. இங்கே பெரியவர்களே 'பழம்' என்பதை 'பளம்' என்கிறார்கள், அதைச் சிகிச்சை இலக்காக எழுதக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் 'காற்று' என்பதை வல்லின 'ற்ற' கேட்கச் சொல்வார்கள், மலையகத்திலிருந்து வந்த வீட்டில் 'காத்து' என்பார்கள். இருவரும் கொழும்பில் ஒரே மாடிக் குடியிருப்பில் இருப்பார்கள். பிள்ளையை மதிப்பிடுமுன் அம்மாவைக் கதைக்கவிட்டுப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். பிள்ளையின் அளவுகோல் அதுதான். சென்னையில் தயாரான படச் சோதனையை அப்படியே எடுத்தால் நாற்காலி, ஜன்னல், சோப்பு என்று பதில் எதிர்பார்க்கும். இங்குள்ள பிள்ளை கதிரை, யன்னல், சவுக்காரம் என்று சொல்லும். முஸ்லிம் வீடுகளில் உம்மா, வாப்பா. பிள்ளை சொன்னது சரி, விடைத்தாள்தான் பிழை.

கொழும்புப் பிள்ளை வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் சிங்களம் என்று வளரும். மூன்றிலும் தெரிந்த சொற்களைக் கூட்டிப் பார்க்காமல், தமிழில் மட்டும் எண்ணிவிட்டுப் "பின்தங்கியிருக்கிறது" என்று எழுதுவது அநியாயம். "ஒரு மொழியை நிறுத்துங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்வதும் தவறு. இரு மொழி கேட்பது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. வீட்டு மொழியை நிறுத்தினால் பாட்டியோடும் தாத்தாவோடும் கதைப்பது நின்றுவிடும், அவ்வளவுதான் நடக்கும். பாரிசவாதத்துக்குப் பிறகும் இதே கவனம் வேண்டும். மொழிகள் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. அலுவலகத்தில் சிங்களம், வீட்டில் தமிழ், வாசிப்பில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவரிடம் எந்த மொழியை எதற்குப் பயன்படுத்தினார் என்று குடும்பத்திடம் கேட்டு எழுதிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

படிக்கும் காலத்தில் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புக் கேட்பார்கள். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சுத் தரவு ஒன்றை எடுங்கள். விடுமுறைக்கு வரும்போது பதிவு செய்ய நெறிமுறை அனுமதி முன்கூட்டியே வேண்டும், பல்கலைக்கழகக் குழுவுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் வருடத்திலேயே மனுப் போடுங்கள்.

நாடு திரும்புவதே திட்டம் என்றால், முற்பணம் கட்டுமுன் மூன்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா என்று. இன்னொன்று சுகாதார அமைச்சுக்கும் இலங்கை மருத்துவ சபைக்கும், வெளிநாட்டுத் தகுதியோடு இங்கே தொழில் செய்ய எந்தப் பதிவும் ஆவணமும் வேண்டும் என்று, பாடநெறியின் முழுப்பெயரைக் குறிப்பிட்டு. மூன்றாவது அந்தப் பாடநெறியின் இணைப்பாளருக்கு: வெளிநாட்டு மாணவருக்குப் பயிற்சி இடம் உறுதியா, விழுங்குதல் பயிற்சி எத்தனை மணித்தியாலம், ஒரு பயிற்சியில் தவறினால் மீண்டும் எப்போது செய்யலாம், அதற்குத் தனிக் கட்டணமா. பதில்களை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். முகவர் தொலைபேசியில் சொன்னது பின்னாளில் எங்கேயும் செல்லாது.